சிம்பையில் ஒரு போர் விமானத் தளம்

விமானப்படையில் டெக்னீஷியனாக இருந்து ஓய்வுபெற்று பாளையங்கோட்டைக்கு வந்தபின், இன்ஜினியரிங் மாணவர்களின் புராஜெக்டுக்கு உதவப்போய்ப் பழகியதுதான் சிம்பை. பைத்தான் கணினி மொழியில் ஓடும் இலவச சிமுலேஷன் நூலகம் (நிஜ வேலைகளைக் கணினியில் போலியாக ஓட்டிப் பார்க்க உதவும் நிரல் தொகுப்பு), 2002-லிருந்தே இருக்கிறது. சில வருடங்களாக இதை விட்டு நகரவில்லை. இதில் நான் ஓட்டுவது ஒரு போர் விமானத் தளம். படையின் தகவல் எதுவும் உள்ளே போகாது. எல்லாம் கற்பனை எண்கள்தான்.

விமானம் பறக்கும், பழுதாகும், ஹேங்கரில் ஆளுக்கும் ஸ்டோரில் பாகத்துக்கும் காத்திருக்கும். அவசர வேலை வந்தால் நடக்கிற சர்வீஸைப் பாதியில் நிறுத்தவும் வழி உண்டு.

எனக்குப் பிடித்த சோதனை ஒன்று. பம்பைக் குறிப்பிட்ட மணிநேரம் பறந்ததும் மாற்றுவதா, பழுதானபின் மாற்றுவதா? "முன்னாடியே மாத்துனா நல்லதுதான சார்?" என்பான் மாணவன். பழுது எப்போது வரும் என்பதைக் கணிக்கும் வெய்புல் பரவல் என்ற சூத்திரத்தின் வடிவ எண்ணை 1 என்று வைக்கச் சொல்வேன். அதாவது, பழுது பாகத்தின் வயதைப் பார்த்து வருவதில்லை. அப்போது கெடு வைத்து மாற்றுவது வெறும் நஷ்டம்: நல்ல பம்பு கழற்றப்படுகிறது, விமானம் தரையில் நிற்கிறது, பழுதும் குறைவதில்லை. 3 என்று வைத்தால், வயது ஏற ஏறப் பழுதும் கூடும்; அப்போது திடீர்ப் பழுது கூடுதல் நாள் தின்னும் இடங்களில் கெடு வைப்பதே ஜெயிக்கும். அமெரிக்கப் பாதுகாப்புத் துறைக்காக யுனைடெட் ஏர்லைன்ஸின் நௌலனும் ஹீப்பும் 1978-இல் தந்த அறிக்கை, ஆராய்ந்த விமானப் பாகங்களில் 11 சதவீதத்துக்குத்தான் வயதுக் கெடு பயன்படக்கூடும் என்றது. படித்தால் நம்பாதவர்கள்கூட ஓட்டிப் பார்த்தால் நம்புகிறார்கள்.

குறைகள்? சிம்பையில் நேரத்துக்கு அலகு கிடையாது. பாகம் தேய்வது பறந்த மணிக்கணக்கில், ரிப்பேர் நடப்பது கடிகாரக் கணக்கில். இரண்டையும் கலந்தாலும் அது வாயைத் திறக்காது. காத்திருந்த நேரத்தைக் குறித்து வைக்கவும் நாமேதான் நிரல் எழுத வேண்டும். திரையில் அனிமேஷன் ஓடாது, அதனால் மேலதிகாரியிடம் காட்டச் சரிப்படாது.

அப்புறம், பம்பை மாற்றும் இரண்டு முறைகளையும், பழுது வரும் நேரத்தைத் தீர்மானிக்கும் ஒரே ரேண்டம் எண் வரிசையில் ஓட்டுங்கள். இல்லாவிட்டால் ஜெயித்தது முறையா அதிர்ஷ்டமா என்றே தெரியாது.

பணகுடிப் பக்கம் காற்றாலையில் வேலை பார்க்கும் ஒருவர், "அண்ணாச்சி, இதுல காத்தாடியப் போட முடியுமா?" என்றார். போட்டோம். விமானத்துக்குப் பதில் காற்றாலை, ஹேங்கருக்குப் பதில் கிரேன். ஒன்றுதான் புதிதாகச் சேர்க்க வேண்டியிருந்தது: ஆடிக் காற்றில் ஒருநாள் நிறுத்துவதும் மார்கழியில் நிறுத்துவதும் ஒரே செலவு இல்லை.