'அப்பாச்சி கைவேலை' என்று விற்கப்படும் வெள்ளி நகை: வாங்குவோர் கவனத்திற்கு

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வெள்ளி நகை வாங்க இருப்பவர்கள், கடைக்காரரின் வாய்ச்சொல்லை மட்டும் நம்பிப் பணம் கொடுக்க வேண்டாம். ஃபீனிக்ஸ் அருகே ஒரு கடையில் நான் வாங்கிய காப்பு, அமெரிக்கப் பூர்வகுடிகளில் ஒன்றான அப்பாச்சி மக்களின் சான் கார்லோஸ் பிரிவைச் சேர்ந்த கைவினைஞர் செய்த ஸ்டெர்லிங் வெள்ளி (92.5 சதவீத வெள்ளி) என்றும், பதித்திருப்பது டர்க்காய்ஸ் என்ற அசல் நீலக் கல் என்றும் சொல்லி 340 டாலருக்கு விற்கப்பட்டது. பின்னர் ஒரு நகைப் பட்டறையில் சோதித்தபோது, தாமிரமும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த, வெள்ளியே இல்லாத ஜெர்மன் சில்வரின் மேல் வெள்ளி முலாம் பூசியிருந்தது தெரிந்தது. கல்லும் ஹவ்லைட் என்ற, சாயமேற்றிய வெள்ளைக் கல்தான். அசிட்டோன் தொட்ட பஞ்சில் நீலம் அப்படியே இறங்கிவிட்டது.

காப்போடு ஓர் அச்சிட்ட அட்டையும் தந்தார்கள். அம்புக்கு ஒரு பொருள், கரடிப் பாதத்துக்கு ஒரு பொருள் என்று அகராதிபோல் வரிசையிடும் இத்தகைய அட்டைகள், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ரயிலில் வந்த சுற்றுலாப் பயணிகளுக்காக வணிகர்கள் பரப்பியவை. அப்பாச்சி மக்களிடம் குறியீடுகள் இல்லாமல் இல்லை. நான்கு திசைகளும், பூப்பெய்திய பெண்ணின் சூரியோதயச் சடங்கில் அவள் நெற்றியில் கட்டப்படும் அபலோனிச் சிப்பியும் அவர்களுக்குப் புனிதமானவை. மலைத் தெய்வங்களாக முகமூடி அணிந்து ஆடும் 'கான்' ஆட்டக்காரரின் உருவம் என் காப்பிலும் இருந்தது. அதே உருவம், அதே இடத்தில் அதே கீறலோடு, வேறொரு கடையிலும் தொங்கியது. கையால் முத்திரை அடித்த நகையில் இப்படி நேராது, ஒரே அச்சில் வார்த்தால்தான் நேரும். பணம் போனதைவிட இதுவே எனக்கு அதிகம் உறுத்துகிறது.

அமெரிக்கத் தென்மேற்கின் வெள்ளி வேலைக்குப் பெயர் பெற்றவர்கள் நவஹோ, ஸூனி, ஹோபி ஆகிய பூர்வகுடி மக்கள். அப்பாச்சிகளின் புகழ் பெரும்பாலும் கூடை முடைவதிலும் மணி வேலையிலும்தான். ஆகவே அப்பாச்சி வெள்ளி என்று ஒருவர் சொன்னால், செய்தவர் யார் என்று கேட்பது நியாயமே. அமெரிக்காவின் 1990ஆம் ஆண்டு இந்தியக் கலை, கைவினைச் சட்டப்படி (இங்கே 'இந்திய' என்பது அமெரிக்கப் பூர்வகுடியினரைக் குறிக்கும்), பூர்வகுடியினர் செய்யாததை அவர்கள் செய்ததாகச் சொல்லி விற்பது குற்றம். முதல் முறை பிடிபடும் தனிநபருக்கே 2,50,000 டாலர் வரை அபராதமும் ஐந்தாண்டு வரை சிறையும் உண்டு. பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை இவ்வாறு விற்ற அல்புகர்க்கி நகர வணிகர் ஒருவருக்கு 2018இல் ஆறு மாதச் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது.

எனவே கைவினைஞரின் பெயர், அவரது பழங்குடி, வெள்ளியின் தரம், கல்லின் வகை ஆகிய நான்கையும் பில்லில் எழுதித் தரச் சொல்லுங்கள். என் பில்லில் 'காப்பு 1' என்று மட்டுமே இருக்கிறது. அதைக் காட்டியே பணத்தைத் திருப்பித் தர மறுத்துவிட்டார்கள். அமெரிக்க அரசின் இந்தியக் கலை, கைவினை வாரியத்திற்கு அந்தப் பில்லையும் அட்டையையும் படங்களோடு இணைத்துப் புகார் அனுப்பியுள்ளேன்.