எட்டுப் போட எந்த வண்டி? கொழிஞ்சாம்பாறைப் பக்கம் லீவில் வந்து லைசென்ஸ் எடுக்கிறவர்களுக்கு

கேரளத்துப் பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறை, சித்தூர்ப் பக்கம் பழைய ஆட்களுக்கு லைசென்ஸ் என்றால் பஜாஜின் பழைய குட்டி வண்டி எம்80 தான். எடை குறைவு, சின்னச் சக்கரம், இடது கைப்பிடியைத் திருகினால் கியர், உட்கார்ந்தால் ரெண்டு பாதமும் தரையில். எட்டுக்குள் எவ்வளவு கோணலாக நுழைந்தாலும் அது எப்படியோ வெளியே கொண்டுவந்து விடும். அதில் பாஸ் ஆனவர் வீட்டு ஸ்ப்ளெண்டரில் ஏறி நேராக வேலிக்குள் போவது தனிக்கதை. 2024 ஆகஸ்ட் 1 முதல் அதற்கு விடை கொடுத்தாயிற்று. கியர் லைசென்ஸுக்குக் காலால் கியர் மாற்றும் வண்டி, 95 சிசிக்கு மேல் என்று ஆனது. அந்தச் சமயத்து உத்தரவுகள் கோர்ட் வரை போனவை. அதனால் டெஸ்ட் தேதி எடுக்கும்போதே ஓட்டக் கற்றுத்தரும் ஆசானிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளவும்.

இப்போது டிரைவிங் ஸ்கூல்காரர் டெஸ்டுக்குக் கொடுக்கும் வண்டிதான் தலைவலி. இந்த லீவில் மைதானத்தில் கண்ட கூத்து: வரிசையில் ஒரு பையன், அடியில் புத்தம்புது ஸ்ப்ளெண்டர். நியூட்ரலில் காத்திருக்கும்போதே இன்ஜின் தானாக அணைந்துவிட்டது. பேர் கூப்பிட்டதும் பதறிப்போய் கிளட்சைப் பிடித்தான், வண்டி தானாக உயிர் பெற்றது. அந்தத் திடுக்கிடலில் முதல் கியரைப் போட்டுக் கிளட்சைச் சட்டென்று விட்டான். முதல் வளைவிலேயே கால் குத்தியாச்சு. ஃபெயில். வண்டியில் கோளாறே இல்லை. பெட்ரோல் மிச்சம் பிடிக்க வைத்த ஐ3எஸ் என்ற வசதி செய்த வேலை அது. நியூட்ரலில் சில நொடி நின்றால் இன்ஜினை நிறுத்தும், கிளட்சைப் பிடித்தால் திரும்ப ஸ்டார்ட் செய்யும். கைப்பிடியில் அதற்கென்று ஸ்விட்ச் இருக்கிறது. மைதானத்துக்குள் நுழையும்போதே அதை ஆஃப் செய்துவிட வேண்டும். இதைச் சொல்ல அங்கே ஒரு ஆள் இல்லை! சிங்கப்பூரில் சின்ன பைக்குக்கான 2பி லைசென்ஸுக்கு எட்டு மட்டுமல்ல, ஒடுக்கமான பலகை, கிராங்க் வளைவு, திடீர் பிரேக் என்று உயிரை எடுப்பார்கள். ஆனால் பழகிய மாடலில்தான் டெஸ்ட். இங்கே டெஸ்ட் அன்றைக்குத்தான் வண்டியின் முகத்தையே பார்க்கிறான் பையன்.

வண்டி தேர்வுக்கு வருவோம். எட்டில் வேகத்துக்கு வேலை இல்லை. எடை, சீட் உயரம், ஹேண்டில் எவ்வளவு திரும்பும் என்பது, இந்த மூன்றும்தான் பார்க்க வேண்டியவை. ஸ்ப்ளெண்டர் பிளஸ் 97.2 சிசி, 112 கிலோ, சீட் 785 மில்லிமீட்டர். ஹோண்டா ஷைன் 100 இன்னும் லேசு, 2023இல் வந்தபோது 99 கிலோ. உயரம் குறைந்தவர்களுக்கு இந்த ரெண்டில் ஒன்று போதும். பிளாட்டினாவின் சீட் 800ஐத் தாண்டும், குட்டையானவர்கள் யோசிக்கவும். பல்சர் 150 கிட்டத்தட்ட 148 கிலோ. ஓட்டிப் பழகியவருக்குச் சரி, டெஸ்டுக்காக மட்டும் வேண்டாம். மச்சானின் புல்லட் 195 கிலோ. கல்யாண போட்டோவுக்கு நன்றாக இருக்கும். டிவிஎஸ் எக்ஸ்எல்100 சிசி கணக்கில் தேறும், ஆனால் கியர் இல்லாத வண்டி, கியர் லைசென்ஸுக்கு ஆகாது.

கியர் பேட்டர்னையும் கவனிக்கவும். ஸ்ப்ளெண்டரில் எல்லாக் கியரும் முன்பக்கம் மிதித்தே விழும். பல்சரில் ஒன்று கீழே, மற்றதெல்லாம் மேலே. ஒன்றில் பழகி இன்னொன்றில் டெஸ்டுக்குப் போனால் கால் குழம்பும்.

டெஸ்டுக்கு முதல் நாள் பார்க்க வேண்டியது கிளட்ச். லீவர் நுனியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் சும்மா ஆட வேண்டும். அதற்கு மேல் என்றால் முழுசாகப் பிடித்தாலும் வண்டி முன்னே இழுக்கும். ஆட்டமே இல்லையென்றால் கிளட்ச் வழுக்கும். செயின் தொங்கினால் ஆக்சிலரேட்டரை விட்டுப் பிடிக்கும்போதெல்லாம் ஒரு வெட்டு வெட்டும், வளைவில் அந்த வெட்டுதான் காலைத் தரையில் இறக்கும். ஐடிலிங் நிமிடத்துக்கு 1400 சுற்றுப் பக்கம் நின்றால், பாதிக் கிளட்சில் முதல் கியரிலேயே ஆக்சிலரேட்டர் தொடாமல் எட்டு முழுக்கச் சுற்றலாம். வேகம் கூடினால் பின் பிரேக்கை லேசாக உரசினால் போதும். புது 100 சிசி வண்டிகளில் கால் பிரேக்கோடு முன் பிரேக்கும் கொஞ்சம் சேர்ந்து பிடிக்கும். ஹேண்டில் முழுசாகத் திரும்பியிருக்கும்போது அழுத்தி மிதித்தால் வண்டி சாயும். கண் முன் சக்கரத்தில் இருக்கக்கூடாது, எட்டின் ஓரமாக நட்ட கம்பிகளில் அடுத்ததில் இருக்க வேண்டும்.

லீவுக் கணக்கு: லேர்னர்ஸ் கிடைத்து 30 நாள் கழித்துத்தான் டெஸ்ட். ஃபெயிலானால் இன்னும் ஏழு நாளாவது போகும். நாற்பது நாள் லீவென்றால் வந்து இறங்கிய வாரமே லேர்னர்ஸ் எழுதிவிட வேண்டும். ஆறு மாதம் செல்லும் என்பதால் அடுத்த லீவு அதற்குள் வருகிறவர்களுக்கு நிம்மதி.

ஆர்சி, இன்சூரன்ஸ், புகைச் சான்று மூன்றும் காலாவதியாகாமல் கையில் இருக்கட்டும். முன்பக்க எல் போர்டைக் கம்பியால் கட்டியிருந்தால் ஹேண்டிலை இடம் வலமாக முழுசாகத் திருப்பிப் பாருங்கள், அந்தக் கம்பி கேபிளில் சிக்கும்.