சிலோஸ்டசால் 100 மி.கி. மாத்திரை: வாங்கலாமா?

நடந்தால் கெண்டைக்கால் இறுகி வலிக்கும், நின்றால் விட்டுவிடும். அப்படி வலிக்க வைக்கும் கால் ரத்தக்குழாய் அடைப்புக்கான மாத்திரை இது. 2000-இல் வெளியான 698 பேரின் 24 வார ஆய்வில் இதை எடுத்தவர்களின் நடைதூரம் சராசரியாக 107 மீட்டர் கூடியது. இதே வலிக்கான பழைய மருந்து பென்டாக்ஸிஃபைலினுக்கு 64, வெற்று மாத்திரைக்கு 65! அந்தப் பழைய மருந்துக்குக் காசு கொடுப்பானேன்?

காலை, இரவு ஒவ்வொன்று. சாப்பாட்டுக்கு அரை மணி முன் அல்லது இரண்டு மணி பின். எண்ணெய்ப் பலகாரத்தோடு விழுங்கினால் ரத்தத்தில் மருந்தளவு எகிறி, தலைவலி, படபடப்பு, வயிற்றுப்போக்கு கூடலாம். ஒமெப்ரசோல் (வயிற்று அமில மருந்து), டில்டியாசெம் (ரத்த அழுத்த மருந்து) எடுப்பவர்களுக்கு வேளைக்கு 50 மி.கி. தான். இதயச் செயலிழப்பு உள்ளவர்கள் தொடவே கூடாது.

பலன் தெரிய 2 முதல் 12 வாரம் ஆகும். மூன்று மாதத்தில் மாற்றமில்லையென்றால் மருத்துவரிடம் நிறுத்தச் சொல்லிக் கேளுங்கள். கண்காணிப்போடு செய்யும் நடைப்பயிற்சியை மட்டும் விடாதீர்கள். 2012 கிளெவர் ஆய்வில் ஆறாம் மாதம், நடக்கும் நேரத்தைக் கூட்டுவதில் அது ஸ்டென்ட்டையே (அடைப்பை விரித்து வைக்கும் வலைக்குழாய்) முந்தியது.