பீரோவில் வைக்க எது: ஹார்டு டிஸ்க்கா, எஸ்எஸ்டியா?

போன மாதம் சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டில் 4 டிபி (டெராபைட்) ஹார்டு டிஸ்க் இரண்டு கேட்டேன். கடைப் பையன், "இன்னுமா அண்ணே இதை வாங்குறீங்க?" என்றான். அவன் கேட்டதில் தப்பில்லை. விண்டோஸ் போட ஹார்டு டிஸ்க் வாங்கச் சொல்லி நானே யாரிடமும் சொல்ல மாட்டேன். நிமிடத்துக்கு 7200 தடவை சுழலும் (7200 ஆர்பிஎம்) அதன் தட்டு ஒரு சுற்று சுற்றவே 8.3 மில்லி விநாடி ஆகும். தட்டைப் படிக்கும் ஹெட் சரியான தடத்துக்கு நகர இன்னும் அவ்வளவு நேரம். அங்கங்கே சிதறிக் கிடக்கும் சின்னச் சின்ன ஃபைல்களை விநாடிக்கு நூறு தடவை தொட்டாலே பெரிசு. சுழலும் தட்டே இல்லாமல் சிப்பில் தகவலை வைக்கும் எஸ்எஸ்டி அதைப் பல்லாயிரம் தடவை செய்யும். அந்தப் பேச்சு அத்தோடு முடிந்தது.

என் தேவை வேறு. 15 வருடப் போட்டோக்கள், அக்கா கல்யாண வீடியோ, அப்பா குரல் இருக்கும் கேசட்டுகளிலிருந்து மாற்றிய ஆடியோ, எல்லாம் சேர்த்து 3 டிபி. ஒரு தடவை எழுதி பீரோவில் வைத்துவிட்டு வருடத்துக்கு ஒருமுறை எடுப்பேன். 4 டிபி எஸ்எஸ்டி ஒன்றுக்குச் சொன்ன விலையில் ஹார்டு டிஸ்க் இரண்டு வந்தது.

ஆனால் காசைவிட என்னை முடிவெடுக்க வைத்தது, கரண்ட் இல்லாமல் கிடக்கும்போது உள்ளே என்ன நடக்கிறது என்பதுதான். எஸ்எஸ்டி தகவலை மின்னூட்டமாகப் பிடித்து வைக்கிறது. அது மெல்லக் கசியும், வெயிலில் வேகமாகக் கசியும். விலை குறைந்த கியூஎல்சி வகையில் தகவல் தங்கும் ஒரே நுண்ணறையில் (செல்) 16 மின்னூட்ட அளவுகளைப் பிரித்தறிய வேண்டும், கொஞ்சம் கசிந்தாலே குழப்பம். எழுதி எழுதித் தன் ஆயுளை முடித்த சாதாரண எஸ்எஸ்டி, கரண்ட் இல்லாமல் 30 டிகிரியில் ஒரு வருடம் தாங்கினால் போதும் என்கிறது சிப் தொழிலுக்கு விதி வகுக்கும் ஜெடெக் அமைப்பின் தரநிலை. இதைப் படித்துவிட்டு எல்லா எஸ்எஸ்டியும் ஒரு வருடத்தில் அழிந்துவிடும் என்று கிளப்பிவிட்டவர்கள் உண்டு. அது தப்பு, புதுசு அதைவிட நிறைய நாள் தாங்கும். இருந்தாலும் மே மாதத்தில் எங்கள் மாடி அறை பீரோ 30 டிகிரியில் நிற்காது. ஹார்டு டிஸ்க்கில் இருப்பது காந்தப் பதிவு, அது நிலைத்து நிற்க மின்னூட்டம் தேவையில்லை.

சாகும் விதமும் வேறு. என் பழைய 1 டிபி டிஸ்க் முதலில் டிஸ்க்கின் உடல்நிலையைச் சொல்லும் கிறிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ மென்பொருளில் மஞ்சள் காட்டியது, பிறகு டக் டக்கென்று சத்தம் போட்டது. மூன்று ராத்திரி உட்கார்ந்து காப்பி எடுத்ததில் பத்துப் பதினைந்து படம்தான் போனது. நண்பனின் எஸ்எஸ்டி சாயங்காலம் வரை ஓடியது, காலையில் கம்ப்யூட்டர் தொடங்கும்போது பார்க்கும் பயாஸ் திரையில் பெயரே வரவில்லை. என்னுடைய எஸ்எஸ்டி எதுவும் இதுவரை சாகவில்லை, அதனால் இந்த ஒரு சம்பவத்தை வைத்து அடித்துச் சொல்ல மாட்டேன்.

ஹார்டு டிஸ்க் வாங்குவோர் எஸ்எம்ஆரா சிஎம்ஆரா என்று பார்த்து வாங்குங்கள். இரண்டும் தகவலைத் தட்டில் பதியும் முறைகள். சிஎம்ஆரில் தடங்கள் ஒன்றின்மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். எஸ்எம்ஆரில் தடங்கள் ஓடு வேய்ந்த மாதிரி ஒன்றின்மேல் ஒன்று ஏறியிருக்கும். ஒரு ஓடு மாற்ற வேண்டுமானால் பக்கத்து ஓடுகளையும் பிரித்து வேய வேண்டும், நிறைய எழுதும்போது வேகம் படுத்துவிடும். 2020இல் வெஸ்டர்ன் டிஜிட்டல் தன் ரெட் வரிசையில் இதைச் சொல்லாமல் விற்றது பெரிய சர்ச்சையானது.

இனி? தட்டின் ஒரு புள்ளியை லேசரால் நொடிப்பொழுது 400 டிகிரிக்கு மேல் சூடாக்கி எழுதும் ஹாமர் முறையில் ஹார்டு டிஸ்க் கம்பெனி சீகேட் 2024இல் 30 டிபியைத் தொட்டது. அதே வருடம் எஸ்எஸ்டி கம்பெனி சொலிடைம் 122 டிபி எஸ்எஸ்டியை அறிவித்தது. ஆக, கொள்ளளவில் ஹார்டு டிஸ்க் ஏற்கெனவே தோற்றாயிற்று, விலைதான் அதைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. இரண்டுமே டேட்டா சென்டர்களுக்கென்று வந்த சரக்கு.

ஹார்டு டிஸ்க்கின் பெரிய எதிரி தரை. ஒரு தடவை கை தவறினால் போச்சு. இரண்டாவது டிஸ்க்கை திருச்சியில் அக்கா வீட்டில் கொடுத்திருக்கிறேன், பொங்கலுக்குப் போகும்போது செருகிப் பார்க்க வேண்டும். பரணில் மிக்ஸி டப்பாவுக்குள் வைத்திருக்கிறாளாம். முதலில் அதைக் கீழே இறக்கச் சொல்லியிருக்கிறேன், மெதுவாக.