ஏழு வருடம் ஓட்டிய 69 கமாரோவும் ஒரு பொய் நம்பரும்

டெக்சாஸில் இருக்கும் நண்பன் போன வாரம் கேட்டான்: "மச்சான், 69 கமாரோ ஒண்ணு விலைக்கு வந்திருக்கு, மேட்சிங் நம்பராம், வாங்கலாமா?" 69 கமாரோ என்றால் 1969 மாடல் செவர்லே கார். மேட்சிங் நம்பர் என்றால், வண்டி செய்தபோது பூட்டிய அதே இன்ஜின்தான் இன்னும் இருக்கிறது என்று அதில் குத்திய எண்கள் பொருந்திச் சொல்வது. அவன் கேட்ட நேரம் சரியில்லை. அப்போதுதான் என் வண்டிக்கு வாட்டர் பம்ப் மாற்றி முடித்து, கை கழுவக்கூடத் தோன்றாமல் கராஜில் உட்கார்ந்திருந்தேன்.

என்னுடையதும் 69 கமாரோதான். எஸ்எஸ் என்ற வேகமான ரகம், 350 கன அங்குல வி8 (எட்டு சிலிண்டர்) இன்ஜின், நாலு கியர், ஒஹையோவின் நார்வுட் ஆலையில் செய்தது. மிச்சிகனில் ஏழு வருடமாக வைத்திருக்கிறேன், அதில் பாதிக் காலம் பனிக்கும் சாலை உப்புக்கும் பயந்து போர்வைக்குள் தூங்கியதுதான். ஆனால் ஆகஸ்டில் டெட்ராய்ட்டின் உட்வர்ட் அவென்யூவில் கண்ணாடியை இறக்கிவிட்டு, மூன்றாவது கியரில் ஒரு மிதி மிதித்தால் இருக்கையில் முதுகு ஒட்டிக்கொள்ளும் பாருங்கள், அதற்காக என்ன வேண்டுமானாலும் பொறுத்துக்கொள்ளலாம் என்று இருந்தேன். காலன் பெட்ரோலுக்கு 11 மைல். பரவாயில்லை.

பொறுக்க முடியாதது வேறு. அந்தக் காலத்து ஃபோர்டில் சேஸிஸ் நம்பரின் ஐந்தாவது எழுத்தே எந்த இன்ஜின் என்று சொல்லிவிடும். 69 கமாரோவின் நம்பர் வி8 என்பதோடு நிறுத்திக்கொள்ளும், எஸ்எஸ்ஸா சாதாரணமா என்று வாயே திறக்காது. பான்டியாக் வைத்திருப்பவர்கள் பணம் கட்டினால் தொழிற்சாலைப் பதிவின் நகல் வாங்கலாம். கனடாவில் விற்ற கமாரோவுக்கும் பதிவு உண்டு. அமெரிக்காவில் விற்றவற்றுக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. அதனால் இந்த ஊரில் ஆளாளுக்கு இன்ஜினின் இரும்பு உடலான பிளாக்கைத்தான் ஜாதகம் மாதிரி படிக்கிறார்கள். பொருத்தம் இருந்தால் ஒரு விலை, இல்லாவிட்டால் ஒரு விலை. நான் பொருத்தத்துக்காக எட்டாயிரம் டாலர் கூடக் கொடுத்தேன்.

விற்றவர் அன்றைக்கு, பிளாக்கை வார்க்கும்போதே இரும்பில் பதியும் 3970010 என்ற வார்ப்பு எண்ணைப் பெருமையாகக் காட்டினார். நானும் தலையாட்டினேன். அதே எண் கமாரோவின் இன்னொரு ரகமான இஸட் 28-இன் 302 இன்ஜினிலும் வரும், 350-இலும் வரும், எழுபதுகளின் பிக்கப் லாரியிலும் வரும் என்பது அப்போது எனக்குத் தெரியாது.

உண்மையான முத்திரை வேறு இடத்தில் இருக்கிறது. பயணி பக்கத்து சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் ஒரு சின்னத் தட்டை இடம். இன்ஜின் எந்த ஆலையில் என்றைக்குச் சேர்க்கப்பட்டது என்பதை அங்கேதான் குத்துவார்கள், 1968 மாடலிலிருந்து சேஸிஸ் நம்பரின் பின்பகுதியும் பிளாக்கில் சேர்ந்துகொண்டது. 69-இல் ஆல்டர்னேட்டரை அந்தப் பக்கமே கொண்டுவந்து மாட்டியதால், சரியாக அந்த இடத்தை அது மறைத்துக்கொண்டு நிற்கும். ஏழு வருடமாக டார்ச் அடித்து, தலையைச் சாய்த்து, பாதி எழுத்தைப் பார்த்தே திருப்தியாக இருந்திருக்கிறேன்.

பம்ப்புக்காக ஆல்டர்னேட்டரைக் கழற்றியபோதுதான் முழுசாகத் தெரிந்தது. ஆரஞ்சுப் பெயின்ட்டைத் துடைத்தேன். தொழிற்சாலையில் அந்தப் பரப்பைச் சீவிய கோடுகள் முன்னும் பின்னுமாக நேராக ஓட வேண்டும். என்னுடையதில் வட்ட வட்டமாக இருக்கிறது, தோசைக்கல்லில் மாவு இழுத்த மாதிரி. யாரோ மில்லிங் செய்து பழையதை அழித்துவிட்டுப் புதிதாகக் குத்தியிருக்கிறார்கள். எழுத்தும் ஒரே வரிசையில் நிற்கவில்லை, 8 மட்டும் ஒரு பக்கம் சாய்ந்திருக்கிறது.

அப்புறம் பல் டாக்டர் கண்ணாடி ஒன்றை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனேன். கியர்பாக்ஸோடு சேரும் விளிம்பில் வார்ப்புத் தேதி இருக்கும். கம்பி பிரஷ்ஷால் அரை மணி நேரம் தேய்த்து, கண்ணாடியில் தலைகீழாகத் தெரிந்ததை போனில் படம் எடுத்துத் திருப்பிப் பார்த்தால்: டி 24 9. ஏ ஜனவரி, டி ஏப்ரல். ஏப்ரல் 24. முன்னால் குத்தியிருப்பதோ டிசம்பர் 18-இல் இன்ஜின் சேர்த்து முடித்ததாக. இன்ஜினுக்கும் இருக்கைகளுக்கும் நடுவில் நிற்கும் ஃபயர்வாலில் இருக்கும் தகடு, வண்டி செய்தது ஜனவரி மூன்றாம் வாரம் என்கிறது. நாலு மாதம் கழித்து வார்க்கப் போகும் இரும்பை டிசம்பரிலேயே இன்ஜினாக்கிவிட்டார்களாம்! அந்த 9 வருடத்தின் கடைசி எண் மட்டும்தான், 1979 ஆகவும் இருக்கலாம். ஏதோ ஒரு லாரியின் இதயத்தை வைத்துக்கொண்டுதான் உட்வர்டில் பவுசு காட்டியிருக்கிறேன்.

நியாயமாகச் சொன்னால், பிளாக்கின் மேல் ஒரு குறையும் இல்லை. ஏழு வருடத்தில் ஒரு சொட்டு எண்ணெய் ஒழுகியதில்லை, ஒரு நாள் நடுரோட்டில் நிறுத்தியதில்லை. உத்தரவாதத்தில் மாற்றித் தந்த பிளாக்குகளில் சிஇ என்று குத்தியிருப்பார்கள், அப்படி இருந்திருந்தால்கூட "சரி, அந்தக் காலத்திலேயே மாற்றியது" என்று மனசு ஆறியிருக்கும். ஆனால் குத்தினவன் பின்பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்திருந்தால் இவ்வளவு கேவலமான பொய்யாவது எழுதாமல் இருந்திருப்பானே என்பதுதான் என் எரிச்சல். ஏமாற்றினாலும் ஒரு தொழில் சுத்தம் வேண்டாமா?

டெக்சாஸ்காரனுக்குப் பதில்: வாங்காதே. அல்லது விற்பவரை ஆல்டர்னேட்டரைக் கழற்றச் சொல். முகத்தைச் சுளித்தால் காசை எண்ணாமல் திரும்பி வந்துவிடு. உனக்கு வேண்டாம் என்று முடிவு செய்தால் அந்த ஆளின் போன் நம்பரை மட்டும் எனக்கு அனுப்பு.