வன்னி வெயிலில் முதல் கடல்தொட்டி: கடல் தண்ணீரா உப்புப் பையா, விசிறியா சில்லரா?

இலங்கையின் வடக்கே, வன்னியில் விசுவமடுவில் இருக்கிற என் மருமகன் உயர்தரத்தில் உயிரியல் படிக்கிறான். பங்குனி பிறந்ததும் வந்து, "மாமா, உங்கடை மாதிரி ஒரு கடல்தொட்டி எனக்கும் வைக்க வேணும். முதல் எதிலை காசைப் போடுறது?" என்று கேட்டான். கடல்தொட்டி என்றால் உப்புத் தண்ணீரில் கடல் மீனும் முருகையும் (பவளம்) வளர்க்கும் கண்ணாடித் தொட்டி. கையில் ஒரு பட்டியல் இருந்தது. குளிர்நாட்டுக்காரர்களின் வழிகாட்டிகளைப் பார்த்து எழுதியது. முதல் வரியில் ஹீற்றர், அடுத்த வரியில் விலை கூடிய விளக்கு. ஹீற்றரை வெட்டச் சொன்னேன். விளக்கைக் கடைசிக்குத் தள்ளச் சொன்னேன்.

தொட்டியில் வளரும் முருகை உயிர்களுக்கு இதமான சூடு 24 முதல் 27 பாகை வரை. சித்திரையில் நம் பக்கம் நிழலிலேயே 34, 35 பாகை அடிக்கும். சும்மா விட்டால் தொட்டித் தண்ணீர் 31 பாகையைத் தாண்டிவிடும். சூடு கூடினால் முருகை தன் உடலுக்குள் குடியிருக்கும் நுண்பாசியை வெளியே தள்ளிவிட்டு வெளுத்துப்போகும். 1998இல் இலங்கையின் முருகைப் பாறைகள் பெருமளவில் வெளுத்துச் செத்தது இப்படித்தான். அதனால் எந்தப் பொருளைக் காட்டினாலும் நான் கேட்பது ஒன்றுதான்: சித்திரை மதியம் இரண்டு மணிக்குக் கரண்ட் போனால் இது தாங்குமா?

தொட்டியின் அளவிலேயே இந்தக் கேள்வி தொடங்குகிறது. மருமகன் விரும்பியது இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம். ஏறக்குறைய 57 லீற்றர். நான் சொன்னது மூன்றடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம்; 190 லீற்றர். சின்னது மலிவு, தண்ணீர் மாற்ற ஒரு வாளி போதும். ஆனால் வற்றுவது தண்ணீர் மட்டும்தான், உப்பு தொட்டியிலேயே நிற்கும். சின்னத் தொட்டியில் ஒரு நாளில் 2 லீற்றர் வற்றினால், ஆயிரத்துக்கு 35 பங்காக இருந்த உப்பு 36ஐத் தாண்டிவிடும். பெரிய தொட்டியில் 4 லீற்றர் வற்றினாலும் 36ஐ எட்டாது. சூடும் அப்படித்தான். பெரிய தொட்டி மெல்ல ஏறி மெல்ல இறங்கும். முதல் தொட்டி சின்னதாக இருக்கட்டும் என்று சொல்வது வழக்கம். கடல்தொட்டிக்கு அது சரிவராது. பெரியதன் குறை பாரம்தான். கண்ணாடி, கல், மணல், தண்ணீர் எல்லாம் சேர்த்து 250 கிலோவுக்கு மேல் வரும். வெல்டிங் கடையில் இரும்புத் தாங்கி அடித்து, சீமெந்துத் தரையில் மட்டம் பார்த்து வைக்க வேண்டும். தகரக் கூரை வீடென்றால் மேற்குச் சுவர்ப் பக்கம் வேண்டாம், பின்னேர வெயில் முழுவதும் அந்தச் சுவரில்தான்.

தண்ணீர்

விசுவமடுவில் இருந்து பரந்தன்–முல்லைத்தீவு வீதியால் போனால் ஒரு மணித்தியாலத்துக்குள் கடல். அதை விட்டுவிட்டு உப்பை ஏன் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்று மருமகன் கேட்டதில் நியாயம் இருக்கிறது. நானும் அப்படித்தான் தொடங்கினேன். ஒரு மார்கழியில், நந்திக்கடல் கடலோடு சேரும் வட்டுவாகல் பக்கம் இறங்கி, கரையிலேயே நின்று கான்களில் அள்ளினேன். வீட்டில் உப்பை அளந்தால் 29தான். மழை வெள்ளம் முழுவதும் அந்த வாயால்தான் கடலுக்குப் போகிறது. நிறமும் கலங்கல். ஒரு மாதத்துக்குள் கண்ணாடி முழுக்கப் பழுப்புப் பாசி.

அடுத்த முறை கரையில் வலை தைத்துக்கொண்டிருந்த ஓர் ஐயா கூப்பிட்டுச் சொன்னார்: "தம்பி, கரையிலை அள்ளாதை. மழை விட்டு ரெண்டு மாசம் போகட்டும். பெருக்கு நேரம் வள்ளத்திலை வா, உள்ளுக்கை அள்ளித் தாறன்." பங்குனியில் கடல் குளம் மாதிரிக் கிடந்தது. அலை உடையும் இடத்தைத் தாண்டிப் போய் அள்ளினோம். கானைத் தூக்கி வெயிலுக்குப் பிடித்தால் மறுபக்கத்தில் அவருடைய கைரேகை தெரிந்தது. அளவு 34. அந்தத் தண்ணீரை மூடிய பரலில் இருட்டில் இரண்டு கிழமை வைத்து, சின்ன மோட்டரால் சுழல விட்டு, அடியில் படிந்ததை விட்டுவிட்டு மேலே உள்ளதை மட்டும் எடுத்தேன். ஒரு கானுக்கு 20 லீற்றர், 20 கிலோவுக்கு மேல் பாரம். ஒன்பது கான். முதுகு நொந்தது, ஆனால் தண்ணீர் அருமை.

உப்புப் பை வேறு வகையில் நல்லது. எந்த மாதத்திலும் ஒரே தண்ணீர் கிடைக்கும். லீற்றருக்கு 36 முதல் 38 கிராம் போட்டால் சரி. கல் வைத்த பிறகு மூன்றடித் தொட்டியில் 160 லீற்றர் அளவுதான் நிற்கும். அதற்கு 6 கிலோ போதும். கொழும்பில் இருந்து பஸ்ஸில் பார்சலாக எடுப்பிக்கலாம். சிக்கல் கரைக்கிற தண்ணீரில். எங்கள் கிணறுகளில் கல்லுத் தண்ணீர், கேத்தில் அடியில் வெள்ளையாகப் படிவதைப் பார்த்தாலே தெரியும். வயலுக்குப் போட்ட உரமும் கிணற்றில் இறங்கும்; அது பாசிக்குச் சாப்பாடு. சிறுநீரக நோய்ப் பயத்துக்குப் பிறகு வவுனியாப் பக்கம் ஊர்களில் குடிதண்ணீருக்காக வைத்த ஆர்ஓ (நுண்சவ்வால் வடிக்கும்) நிலையங்கள் இங்கே கைகொடுக்கும். ஆனால் குடிக்க நல்ல தண்ணீர் எல்லாம் தொட்டிக்கு நல்லதாகாது. தண்ணீரில் கரைந்திருப்பதை அளக்கும் ரீடிஎஸ் மீற்றரை முக்கிப் பார்த்து, பத்துக்குக் கீழே இருந்தால் வாங்குங்கள். ஐம்பது, அறுபது காட்டினால் வேறு நிலையம் தேடுங்கள்.

மருமகன் மூன்றாவது வழி ஒன்றும் கேட்டான்: "ஆனையிறவு உப்பைக் கரைச்சால் காணாதோ மாமா? அதுவும் கடல் தண்ணியிலை வந்ததுதானே?" நல்ல கேள்வி. உப்பளப் பாத்தியில் தண்ணீர் வற்ற வற்ற முதலில் சுண்ணாம்பும் ஜிப்சமும் படிந்துவிடும். பிறகுதான் சோற்றுப்பு விளையும். மக்னீசியம் கடைசிக் கசப்புத் தண்ணீரில் நின்றுவிடும். அந்தத் தண்ணீரைக் கழித்துவிடுவார்கள். முருகை தன் எலும்பைக் கட்டத் தேடுவது கல்சியத்தை. மக்னீசியம் குறைந்தால் அந்தக் கல்சியமும் தண்ணீரில் நில்லாது. நல்ல உப்பு என்பதற்காக எதை எதை உப்பளம் நீக்குகிறதோ அதெல்லாம் தொட்டிக்கு வேண்டும். கறிக்கு அது, தொட்டிக்குக் கடலுப்புக் கலவை.

என் முடிவு இது: கரையில் இருந்து ஒரு மணித்தியாலத் தூரத்துக்குள் இருந்தால் முதல் நிரப்பலுக்குப் பங்குனிக் கடல். ஐப்பசி தொடங்கித் தை வரை உப்புப் பை. வவுனியாவில் இருந்தால் தொடக்கம் முதலே பைதான். அவ்வளவு தூரம் கான் சுமப்பதில் பயனில்லை. வற்றியதை நிரப்ப எப்போதும் ஆர்ஓ நன்னீர், கடல் தண்ணீர் ஒருபோதும் இல்லை. அளக்க ஊசி ஆடும் பிளாஸ்ரிக் மானியை நம்ப வேண்டாம். ஊசியில் ஒரு குமிழி ஒட்டினாலே பொய் சொல்லும். ஒளி வளைவதை வைத்து உப்பை அளக்கும் ரிஃப்ராக்டோமீற்றர் வாங்குங்கள்.

சூடு

சில்லர் என்பது தண்ணீரைக் குளிராக்கும் இயந்திரம்; சொன்ன பாகையில் பிடித்து வைத்திருக்கும், அதை மறுக்கவில்லை. ஆனால் தொட்டியில் இருந்து எடுக்கும் சூட்டை அறைக்குள்ளேதான் கொட்டும். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்திவிட்டு ஓட விட்டால் சில்லரும் களைக்கும், ஆட்களும் வேர்த்துக் கொட்டுவார்கள். நூற்றுக்கணக்கான வாற்று இழுப்பதால் சின்ன இன்வேட்டரில் அதிக நேரம் ஓடாது. விலையோ தொட்டி, தாங்கி, கல் எல்லாவற்றையும் தாண்டும்.

விசிறி வேறு விதம். தண்ணீரின் மேல் காற்று படப் படத் தண்ணீர் ஆவியாகும், ஆவி சூட்டைக் கொண்டுபோகும். மண்பானைத் தண்ணீர் குளிர்வதும் இதனால்தான். பத்து வாற்றுக்குள் ஓடும் இரண்டு சின்ன டிசி விசிறிகள் என் தொட்டியை 2 முதல் 3 பாகை வரை இறக்குகின்றன. ஆனி, ஆடியில் கச்சான் காற்று வறண்டு அடிக்கும்போது இன்னும் நன்றாக வேலை செய்யும். சித்திரையில் காற்றில்லாமல் புழுங்கும் நாட்களில்தான் திணறும். ஈரக் காற்று ஆவியை வாங்காது. அந்த மூன்று நான்கு கிழமைக்கு மட்டும் உறைய வைத்த தண்ணீர்ப் போத்தல் ஒன்றை மதியம் மிதக்க விடுகிறேன். விசிறி போட்டால் ஒரு நாளைக்கு மூன்று, நான்கு லீற்றர் வற்றும். மேலே ஒரு வாளி, மிதவை வால்வு, ஒரு குழாய் போதும், தானாக நிரம்பும். அதற்குக் கரண்டே தேவையில்லை.

கரண்ட் போனால் முதலில் போவது ஒட்சிசன், சூடு பிறகுதான். கடல் தண்ணீரில் நன்னீரைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவாகத்தான் ஒட்சிசன் கரையும். சூடு ஏற ஏற அதுவும் குறையும். 2022 மார்ச்சு கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வெட்டினார்களே, அந்த இரவொன்றை மறக்க முடியாது. மோட்டர் நின்றதும் வீடே அமைதியானது. ரோர்ச் அடித்துப் பார்த்தேன். கோமாளி மீன் இரண்டும் மேல்மட்டத்தில் வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் துடிப்பது கண்ணுக்குத் தெரிந்தது. மகளும் நானும் மாறி மாறிக் கோப்பையால் அள்ளி உயரத்தில் இருந்து ஊற்றிக்கொண்டே விடிய வைத்தோம். பிழைத்தன. மறுநாளே பற்றரியில் ஓடும் காற்று மோட்டர் வாங்கினேன். இன்று என்னிடம் சில்லருக்கான காசு இருந்தாலும் விசிறி, 12 வோல்ற் பற்றரி, அதை நிரப்ப ஒரு சோலார் பலகை என்றுதான் போடுவேன்.

கல், மற்றவை

உயிர்க்கல்லா (நுண்ணுயிரோடு கடலில் இருந்து எடுத்த கல்) காய்ந்த கல்லா என்ற கேள்வி நமக்கு இல்லை. கடலில் இருந்து முருகைக்கல் உடைப்பது இலங்கையில் சட்டத்துக்கு விரோதம், அது நியாயமான சட்டம். மன்னார்ப் பக்கம் இடிந்த பழைய வீட்டுக் கல்லை எடுக்கலாம் என்பார்கள். அதில் சாந்தும் பெயின்றும் ஊறியிருக்கும், வேண்டாம். துளை உள்ள காய்ந்த கல்லைக் கடையில் வாங்கி, நுண்ணுயிர்ப் போத்தல் ஒன்றை ஊற்றி, நான்கு முதல் ஆறு கிழமை பொறுத்திருக்க வேண்டும். மீனுக்கு நஞ்சான அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியத்துக்கு வந்த பிறகுதான் முதல் மீன். உயிர் முருகை வாங்கினால் தொட்டியில் வளர்த்த துண்டு, அதுவும் அனுமதிக் கடதாசி காட்டுகிறவரிடம் மட்டும். கடதாசி இல்லையென்றால் மீன், துப்புரவு இறால், கடற்பாசி இவற்றோடு நிறுத்துங்கள். அதுவும் அழகான கடல்தான்.

விளக்குக்குச் சூடு குறைந்த எல்இடி. கழிவை நுரையாக்கி எடுக்கும் ஸ்கிம்மர் முதல் வருடம் கட்டாயமில்லை. இரண்டு மூன்று சின்ன மீனுக்குக் கிழமைக்குப் பத்து வீதத் தண்ணீர் மாற்றம் போதும்.

எப்போது தொடங்குவது என்பதிலும் இரண்டு வழி. வெயில் தணிந்த பிறகு சுகமாகத் தொடங்கலாம். நான் மருமகனுக்குச் சொன்னது மற்றது: பங்குனியில் நிரப்பு, உயிர் ஒன்றும் போடாதே, சித்திரையை வெறும் கல்லோடு கடந்து பார். இப்போது அவனுடைய தொட்டியில் கல்லும் விசிறியும்தான் இருக்கின்றன. காலை, மதியம், இரவு என்று கொப்பியில் எழுதுகிறான். நேற்று மதியம் இரண்டு மணிக்கு 29.4. போத்தல் போட்ட பிறகு மூன்றரைக்கு 28.1. வைகாசி நடுவில் 28க்குக் கீழே நின்றால் இரண்டு கோமாளி மீன் எடுத்துத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.