விண்வெளிப் படங்களை எந்தக் காப்பகத்திலிருந்து எடுப்பது?

மாணவர்களுக்கான ஒரு கண்காட்சிக்கு 24 விண்வெளிப் படங்களைப் பெரிதாக அச்சிட வேண்டியிருந்தது. கூடவே ஒரு திரையில் ஓட விடச் சில நிமிட வீடியோ. படம் கிடைப்பதில் சிரமமே இல்லை, கொட்டிக் கிடக்கிறது. எங்கிருந்து எடுப்பது என்று முடிவு செய்யத்தான் மூன்று வாரம் ஆனது. நாசாவின் பொதுப் பட, வீடியோ நூலகம், கோள் படங்களுக்கென்றே நாசா வைத்திருக்கும் ஃபோட்டோஜர்னல், ஐரோப்பிய விண்வெளி முகமையான ஈஎஸ்ஏவின் காப்பகங்கள், அப்பல்லோ நிலவுப் பயணங்களின் படச்சுருள்களை ஃபிளிக்கர் என்ற படப் பகிர்வுத் தளத்தில் வரிசையாக அடுக்கியிருக்கும் புராஜெக்ட் அப்பல்லோ ஆர்க்கைவ் என்று நான்கையும் மாற்றி மாற்றித் துழாவினேன். கடைசியில் 15 படங்கள் ஃபோட்டோஜர்னலிலிருந்து வந்தன. அப்பல்லோ தொகுப்பிலிருந்து 5, ஈஎஸ்ஏவிலிருந்து 3, நாசா நூலகத்திலிருந்து ஒன்றே ஒன்று. அந்த 15 ஏன் அவ்வளவு ஆனது என்பதுதான் இங்கே சொல்ல வந்தது.

எல்லோரும் முதலில் கேட்பதை முதலில் முடித்துவிடுகிறேன். நான்குமே இலவசம். நான்கிலும் சுவரளவுக்கு அச்சிடத் தக்க பெரிய கோப்புகள் உண்டு. உரிமை விஷயத்தில், நாசா எடுத்த படங்களுக்குப் பொதுவாகப் பதிப்புரிமை கிடையாது. ஆனால் நாசாவின் முத்திரையை நம் இஷ்டத்துக்குப் போட்டுக்கொள்ள முடியாது, மனித முகம் தெரியும் படத்தை விளம்பரத்துக்கு எடுக்கக் கூடாது, நாசா தளத்தில் இருக்கும் எல்லாமே நாசாவுடையதும் அல்ல. ஈஎஸ்ஏ பல படங்களைக் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் தருகிறது. பெயர் குறிப்பிட வேண்டும், நாம் அதை மாற்றி வெளியிட்டால் அதே உரிமத்தில்தான் வெளியிட வேண்டும். கண்காட்சிக்கு இதில் எதுவும் தடையாக இல்லை.

எனக்கு முடிவைத் தீர்மானித்தது படத்துக்கு அடியில் இருக்கும் எழுத்து. படக்குறிப்பும், படத்தின் எண்ணும்.

இதை நான் பாடமாகக் கற்றுக்கொண்டது வெள்ளிக் கோளின் மாட் மான்ஸ் எரிமலையால். சோதனைக்காக முதலில் அச்சிட்ட நான்கு படங்களில் அது ஒன்று. ஆரஞ்சு வானத்தின் கீழே, எரிமலைக்குழம்பு ஓடிய சமவெளிக்கு நடுவே, செங்குத்தாக எழுந்து நிற்கும் மலை. படம் பகிரும் ஒரு பக்கத்திலிருந்து எடுத்தேன். அங்கே குறிப்பு எதுவும் இல்லை, 'வெள்ளியின் எரிமலை' என்று மட்டும் இருந்தது. அச்சுப் படத்தைப் பார்த்த ஒரு மாணவி, "இது எவ்வளவு உயரம், யார் எங்கே நின்று எடுத்தது?" என்று கேட்டாள். உயரம் சுமார் 8 கிலோமீட்டர் என்று சொன்னேன். அடுத்த கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை.

வீட்டுக்கு வந்து ஃபோட்டோஜர்னலில் தேடியபோது பதில் முழுக்க அங்கே இருந்தது. அது கேமரா எடுத்த படமே இல்லை. 1990 முதல் 1994 வரை வெள்ளியைச் சுற்றிய மெகல்லன் விண்கலம், அடர்ந்த மேகங்களை ஊடுருவும் ரேடாரால் நிலத்தை அளந்தது. அந்த அளவுகளை வைத்துக் கணினியில் கட்டிய காட்சி அது. நிறம், சோவியத்தின் வெனேரா 13, 14 கலங்கள் வெள்ளியின் தரையிலிருந்து அனுப்பிய வண்ணப் படங்களை ஒட்டிப் பூசியது. மலையின் உயரத்தை 22.5 மடங்கு மிகைப்படுத்தியிருக்கிறார்கள். உண்மையில் அது பல நூறு கிலோமீட்டர் பரவிக் கிடக்கும் மெல்லிய சரிவு. அதன் மேல் நடந்தால் மலை ஏறுகிறோம் என்றே தோன்றாது. அதே மலைக்கு 10 மடங்கு மட்டும் மிகைப்படுத்திய இன்னொரு படமும் அங்கே இருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் இரண்டு வெவ்வேறு மலைகள் என்றுதான் யாரும் சொல்வார்கள்.

ஏமாற்றுவதற்காக யாரும் இதைச் செய்யவில்லை. நில அமைப்பு கண்ணுக்குப் புலப்பட வேண்டுமானால் உயரத்தை இழுத்துக் காட்டத்தான் வேண்டும். செய்தவர்கள் எத்தனை மடங்கு என்று அங்கேயே எழுதியும் வைத்தார்கள். நடுவில் யாரோ அந்த எழுத்தைக் கழற்றிவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துப் போனார்கள், நானும் அதையே எடுத்துவந்தேன். அந்தப் படத்தைக் கண்காட்சியிலிருந்து நீக்கவில்லை. 22.5, 10 இரண்டையும் சேர்த்தே மாட்டினேன், அடியில் மடங்குகளைப் பெரிய எழுத்தில் போட்டேன். அதிகக் கூட்டம் நின்றது அங்கேதான்.

இந்த அனுபவத்துக்குப் பிறகு ஒவ்வொரு காப்பகத்திடமும் ஒரே கேள்வியைத்தான் கேட்டேன்: இந்தப் படத்துக்கு என்ன செய்திருக்கிறீர்கள் என்று எனக்குச் சொல்கிறீர்களா?

ஃபோட்டோஜர்னல் சொல்கிறது. அதில் ஒவ்வொரு படத்துக்கும் பிஐஏ என்று தொடங்கும் ஓர் எண் உண்டு. எந்தக் கலம், எந்தக் கருவி, எந்தத் தேதி, எவ்வளவு தூரம், எந்தெந்த வடிகட்டிகள் (குறிப்பிட்ட அலைநீள ஒளியை மட்டும் உள்ளே விடுபவை) என்பது பெரும்பாலும் குறிப்பிலேயே வந்துவிடும். பிஐஏ 19952ஐ எடுத்துக்கொள்ளுங்கள். 2015 ஜூலை 14 அன்று நியூ ஹொரைசன்ஸ் விண்கலம் கடந்து போகும்போது எடுத்த புளூட்டோ, உலகமெங்கும் சுற்றிய படம். நீலம், சிவப்பு, அகச்சிவப்பு மூன்றையும் சேர்த்து நிறத்தை மேம்படுத்திய படம் என்று குறிப்பு சொல்கிறது. அகச்சிவப்பு நம் கண்ணுக்குத் தெரியாது. அப்படியானால் நாம் அங்கே போய் நின்றால் புளூட்டோ இப்படித் தெரியாது என்பது அந்த ஒரு வரியில் விளங்கிவிடுகிறது.

பிஐஏ 00452, நான் சின்ன வயதிலிருந்து பார்த்துவரும் 'வெளிர் நீலப் புள்ளி'. 1990 பிப்ரவரி 14 அன்று வாயேஜர் 1 விண்கலம் சுமார் 600 கோடி கிலோமீட்டர் தொலைவிலிருந்து எடுத்த பூமி. அந்தப் புள்ளியின் மேல் விழும் ஒளிக்கற்றையைப் பல வருடம் நான் ஏதோ உண்மையான கதிர் என்றே நினைத்திருந்தேன். பூமி அந்தக் கோணத்தில் சூரியனுக்கு மிக அருகில் இருந்ததால் கேமராவுக்குள் சிதறிய வெளிச்சம் அது. பூமி அங்கே ஒரு பிக்சலில் 0.12 பங்குதான் என்பதும் அந்தக் குறிப்பில் படித்ததே. 2020இல் அதே படத்தைப் புதிய முறையில் செப்பனிட்டு பிஐஏ 23645 என்ற வேறு எண்ணில் வெளியிட்டார்கள். பழையதும் புதியதும் தனித்தனி எண்ணில் இருப்பதால் எது எது என்ற குழப்பமே வருவதில்லை. இதற்காகவே இந்தக் காப்பகத்தின் மேல் எனக்கு ஒரு தனி மரியாதை.

எண்ணால் இன்னொரு வசதியும் உண்டு. வேறு எங்காவது நல்ல படம் கண்ணில் பட்டு, அதன் கோப்புப் பெயரில் பிஐஏ எண் ஒட்டிக்கொண்டிருந்தால், அதைத் தேடுபெட்டியில் போட்டால் போதும், மூலத்துக்கே போய்விடலாம். தரம் குறையாத முழு அளவு டிஃப் (TIFF) கோப்பும் அங்கேயே இருக்கும். அச்சுக்கு நான் எப்போதும் டிஃப்தான் எடுத்தேன்.

குறைகளும் இருக்கின்றன. குறிப்புகள் படம் வெளியான நாளில் எழுதியவை, பிறகு அறிவியல் மாறினாலும் பல அப்படியே கிடக்கும். எழுத்து நடை துறை சார்ந்தது, மாணவர்களுக்கு அப்படியே ஒட்ட முடியாது, நான் உட்கார்ந்து எளிமையாக எழுதினேன். சூரியக் குடும்பம்தான் அதன் பலம். ராக்கெட் ஏவுதல், விண்வெளி வீரர்கள், விண்வெளி நிலையம் எல்லாம் தேடினால் வேறு இடம் பார்க்க வேண்டும்.

அந்த வேறு இடம் நாசாவின் பட, வீடியோ நூலகம். 2017இல் திறந்தார்கள். அறுபதுக்கும் மேற்பட்ட தொகுப்புகளாகச் சிதறிக் கிடந்தவற்றிலிருந்து 1,40,000க்கும் அதிகமான கோப்புகளை ஒரே கூரையின் கீழ் கொண்டுவந்தது பெரிய வேலை. படம், வீடியோ, ஒலி என்று பிரித்துத் தேடலாம், ஆண்டைக் குறுக்கலாம். ஆனால் 'மார்ஸ்' என்று தேடினால் செவ்வாயின் தரை, ஆய்வுக்கூடத்தில் நிற்கும் ஊர்தி, செய்தியாளர் சந்திப்பு, ஓவியர் வரைந்த கற்பனைக் காட்சி எல்லாம் ஒரே வரிசையில் வந்து நிற்கும். குறிப்புகள் ஒரு படத்துக்குப் பத்தி நீளம், அடுத்ததற்கு ஒரு வரி. பிஐஏ எண்ணுள்ள படங்கள் இங்கேயும் இருக்கின்றன என்பதால் எண் தெரிந்தால் இதுவும் உதவும். எண் தெரியாமல் வருபவர்களுக்குப் பொறுமை வேண்டும்.

அப்பல்லோ தொகுப்பு வேறு ரகம். கிப் டீக் என்பவர் தொடங்கிய முயற்சி இது. 2015இல் 8,400க்கும் மேற்பட்ட படங்களை ஃபிளிக்கரில் ஏற்றினார்கள். படச்சுருள் படச்சுருளாக, மங்கலானது, வெளிச்சம் அதிகமானது, குறி தவறியது எல்லாம் எடுத்த வரிசையிலேயே இருக்கும். ஒரு மாலை உட்கார்ந்தால் எழ மனம் வராது. இங்கே நீண்ட குறிப்புகள் கிடையாது, ஆனால் எண் உண்டு. ஏஎஸ்11-40-5903 என்றால் அப்பல்லோ 11, 40ஆம் படச்சுருள். நிலவில் நிற்கும் ஆல்ட்ரினை ஆர்ம்ஸ்ட்ராங் எடுத்த அந்தப் புகழ்பெற்ற படம். அசலில் ஆல்ட்ரினின் தலைக்கு மேலே வானம் கிட்டத்தட்ட இல்லவே இல்லை, முதுகுப் பையின் உச்சி வெட்டுப்பட்டிருக்கிறது. பத்திரிகைகளில் நாம் பார்த்த படத்தில் மேலே இருக்கும் கறுப்பு வானம் பிறகு சேர்த்தது. அதுபோல ஏஎஸ்17-148-22727, 1972 டிசம்பர் 7 அன்று அப்பல்லோ 17 எடுத்த முழுப் பூமி. அசலில் தென் துருவம் மேலே இருக்கிறது, வடக்கை மேலே வைக்கும் நம் பழக்கத்துக்காகத் திருப்பி வெளியிட்டார்கள். கண்காட்சியில் அதை அசல்படி, தெற்கு மேலாகவே மாட்டினேன். மனித விண்வெளிப் பயணம் பற்றி மட்டும் காட்சி வைப்பவராக இருந்தால், நான் ஃபோட்டோஜர்னலைச் சொல்ல மாட்டேன், இதைத்தான் சொல்வேன்.

ஈஎஸ்ஏ பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் குறைத்தே எடுத்துக்கொள்ளுங்கள், மூன்று படங்கள் அளவுக்குத்தான் எனக்கு அங்கே பழக்கம். ரொசெட்டா கலம் எடுத்த 67பி வால்நட்சத்திரப் படங்கள் இரண்டு. அந்த வால்நட்சத்திரம் கரியைப் போல இருண்டது, வெளிச்சத்தைக் கூட்டித்தான் படத்தில் சாம்பல் நிறமாகக் காட்டுகிறார்கள். மூன்றாவது, ஹபிள் விண்வெளித் தொலைநோக்கி 1995இல் எடுத்த 'படைப்பின் தூண்கள்' என்ற வாயு, தூசு மேகங்கள். ஹபிள் படங்களுக்கென்று ஈஎஸ்ஏ நடத்தும் தளத்தில் பல படங்களுக்கு வடிகட்டிப் பட்டியலே தனியாக இருக்கும், எந்த அலைநீளத்தை எந்த நிறமாக்கினார்கள் என்று. தூண்கள் படத்தில் கந்தகம் சிவப்பு, ஹைட்ரஜன் பச்சை, ஆக்சிஜன் நீலம். ஒரு மூலையில் படிக்கட்டு போலக் கறுப்பாக வெட்டியிருப்பதும் அழகுக்காக அல்ல, கேமராவின் நான்கு உணரிகளில் ஒன்று அதிகத் தெளிவோடு, சிறிய பரப்பைப் பார்த்ததால் வந்தது. இந்த நேர்மை எனக்குப் பிடித்திருக்கிறது. விண்மீன் மண்டலங்கள், நெபுலாக்கள்தான் உங்கள் விருப்பமென்றால் ஒருவேளை இதுவே உங்களுக்கு முதல் இடமாகலாம்.

அப்புறம், பக்குவப்படுத்தாத மூலப் படங்கள். கியூரியாசிட்டி, பெர்சிவியரன்ஸ் ஊர்திகள் செவ்வாயிலிருந்து அனுப்புவதும், வியாழனைச் சுற்றும் ஜூனோவின் கேமரா அனுப்புவதும் பொதுமக்களுக்குத் திறந்தே இருக்கின்றன. ஜூனோ படங்களைப் பொதுமக்களே செப்பனிட்டு வெளியிடுகிறார்கள். நானும் ஒன்றை முயன்றேன், கண்காட்சிக்கு வைக்கும் தரத்துக்கு வரவில்லை. நேரம் இருப்பவர்கள் கட்டாயம் இறங்கிப் பாருங்கள், நிறம் என்பது எத்தனை முடிவுகளின் விளைவு என்று கையால் தெரிந்துகொள்ள அதைவிட நல்ல வழி இல்லை.

வீடியோவில் என் அனுபவம் நான்கைந்து துண்டுகள்தான். அதற்கு ஃபோட்டோஜர்னல் போதாது, நாசா நூலகத்துக்குத்தான் போனேன். இங்கே படக்குறிப்பின் தேவை இன்னும் அதிகம். பெர்சிவியரன்ஸ் தரையிறங்குவதாக இரண்டு வகை வீடியோக்கள் கிடைக்கும். ஒன்று முன்கூட்டியே கணினியில் செய்த அனிமேஷன். இன்னொன்று 2021 பிப்ரவரி 18 அன்று கலத்திலிருந்த கேமராக்களே எடுத்தது, பாராசூட் விரிவதும் புழுதி பறப்பதும் நிஜமானவை. தலைப்பை மட்டும் பார்த்து எடுத்தால் மாறிவிடும். சனியின் டைட்டன் நிலவில் 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் இறங்கும் வீடியோவும், வரிசையாக எடுத்த நிழற்படங்களைக் கோத்து உருவாக்கியதுதான். நாசாவின் கோடார்ட் மையத்தில் இருக்கும் காட்சிப்படுத்தல் கூடம் தன் ஒவ்வொரு படைப்புக்கும் எண்ணும் விளக்கமும் தருகிறது. நிலவின் பிறைகளைக் காட்டும் துண்டை அங்கிருந்து எடுத்தேன், 'கணினிக் காட்சி' என்று திரையிலேயே எழுதிவிட்டு ஓட விட்டேன்.